எல்எல்.எம். விண்ணப்பத்தில் இல்லாத கேள்வி

சட்டத்தில் முதுநிலைப் பட்டம் படிக்க விரும்புகிறவர் இந்தியாவில் நிரப்ப வேண்டிய விண்ணப்பம் மிக எளிமையானது. பெயர், பிறந்த தேதி, இட ஒதுக்கீட்டுப் பிரிவு, எல்எல்.பி. மதிப்பெண், தேர்வு எழுத விரும்பும் ஊர், பல்கலைக்கழகங்களின் விருப்ப வரிசை, கட்டணம் கட்டிய விவரம். பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. சட்டத்தின் எந்தப் பகுதியில் உங்களுக்கு நாட்டம், அதில் தீராமல் கிடக்கும் எந்தச் சிக்கலைப் படிக்க நினைக்கிறீர்கள், இதுவரை எழுதியவற்றில் காட்டுவதற்கு ஏதேனும் உண்டா என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை. முதுநிலைச் சட்டப் படிப்பைச் சுற்றிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வாதமோ, அது ஓராண்டு இருக்க வேண்டுமா இரண்டாண்டு இருக்க வேண்டுமா என்பதிலேயே சுழல்கிறது. படிப்பின் கால அளவையும் அதில் சேர்க்கும் முறையையும் தனித்தனியே வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஓராண்டுப் படிப்பை வெளிநாட்டு மாதிரியிலிருந்து எடுத்துக்கொண்டோம். அந்த ஓராண்டைப் பயனுள்ளதாக்கும் சேர்க்கை முறையை எடுத்துக்கொள்ளவில்லை. இரு தரப்பும் கால அளவுக்காகப் போராடுகின்றன. மாற வேண்டியது விண்ணப்பம்.

இந்தப் படிப்பு யாருக்குத் தேவை என்பதிலிருந்து தொடங்குவதே முறை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி வழக்கறிஞராகப் பதிவு செய்ய இளநிலைச் சட்டப் பட்டம் போதும். உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதவும் அதற்கு மேற்பட்ட பட்டம் தேவையில்லை. எல்எல்.எம். இல்லாமல் ஒருவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே உயரலாம். அந்தப் பட்டம் இல்லாமல் நுழைய முடியாத இடம் வகுப்பறைதான். சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட் அல்லது செட் தேர்ச்சியும் பல்கலைக்கழக மானியக் குழு விதிக்கும் அடிப்படைத் தகுதி. ஆகவே எல்எல்.எம். சேர்க்கை என்பது அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு யார் சட்டம் கற்பிக்கப்போகிறார்கள் என்பதை முடிவு செய்யும் இடம். 1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், நம் சட்டக் கல்லூரிகளுக்கு உள்நாட்டிலும் மதிப்பில்லை, வெளிநாட்டிலும் மதிப்பில்லை என்று எழுதியது. 1958இல் செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் தன் 14-ஆம் அறிக்கையில் சட்டக் கல்வியின் நிலையைக் கடுமையாகக் குறைகூறியது. அதன் பிறகு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு வந்தது. மாதவ மேனன் பெங்களூரில் தொடங்கிவைத்த தேசியச் சட்டப் பள்ளி வந்தது. அதன் வழியில் பல மாநிலங்களில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. சீர்திருத்தத்தின் கவனமெல்லாம் இளநிலையிலேயே இருந்தது. இளநிலை மாணவருக்குக் கற்பிக்கப்போகிறவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டது.

அதை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய வாய்ப்பு 2012இல் கிடைத்தது. அதுவரை எல்எல்.எம். எங்கும் இரண்டாண்டுப் படிப்பு. இந்திய மாணவர்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய் ஓராண்டில் பட்டத்துடன் திரும்புகிறார்கள், இங்கேயே படிப்பவர்கள் இரண்டாண்டைச் செலவிடுகிறார்கள் என்ற முறையீட்டுக்குப் பதிலாக மானியக் குழு ஓராண்டு எல்எல்.எம். படிப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. 2013 முதல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் அதற்கு மாறின. முதுநிலைச் சட்ட ஆய்வுக்கெனத் தனி மையம் இருக்க வேண்டும், ஆய்வு முறையியல், ஒப்பீட்டுப் பொதுச்சட்டம், உலகமயச் சூழலில் சட்டமும் நீதியும் ஆகிய மூன்றும் கட்டாயத் தாள்கள், ஆய்வேடு எழுத வேண்டும் என்றெல்லாம் அந்த நெறிமுறைகள் கூறின. பாடத்திட்டம் பற்றிய சிந்தனையில் குறை சொல்ல அதிகமில்லை. சேர்க்கையைப் பற்றி அகில இந்திய நுழைவுத் தேர்வு என்ற அளவோடு அது நின்றுகொண்டது. எப்படிப்பட்ட தேர்வு, எதைச் சோதிக்கும் தேர்வு என்பதை நிறுவனங்களின் வசதிக்கு விட்டுவிட்டது.

இந்திய வழக்கறிஞர் கழகம் 2021 ஜனவரியில் அரசிதழில் வெளியிட்ட 2020-ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டுப் படிப்பை ஒழித்து, நான்கு பருவங்கள் கொண்ட இரண்டாண்டுப் படிப்பையே மீண்டும் விதித்தன. வெளிநாட்டில் பெற்ற ஓராண்டுப் பட்டத்தையும் நிபந்தனையின்றி இந்தியப் பட்டத்துக்கு நிகராக ஏற்க மறுத்தன. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கறிஞர் கழகத்தின் அதிகாரம் தொழிலுக்குள் நுழையும் பட்டத்தோடு முடிகிறது, முதுநிலைக்கு அது நீளாது என்பது ஒரு தரப்பு. சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பை வழக்கறிஞர்கள் சட்டத்தின் 7-ஆம் பிரிவே தந்திருக்கிறது என்பது மறுதரப்பு. 2025இல் அந்த வழக்கை விசாரித்த அமர்வு, கல்விசார் விஷயங்களில் கழகம் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்டது. அதிகார எல்லை பற்றிய அந்தக் கேள்வி முக்கியமானதுதான். அதை நீதிமன்றம் தீர்க்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அதே விதிகள் முதுநிலைக்கென்று அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு ஒன்றைக் கழகமே நடத்தலாம் என்றும் கூறுகின்றன. மாணவரின் ஆய்வுக் கேள்வியையோ எழுத்துத் திறனையோ வாசலிலேயே கேட்க வேண்டும் என்பது வழக்கின் எந்தத் தரப்புக்கும் கோரிக்கையாக இல்லை.

இங்கிலாந்தின் ஓராண்டு முதுநிலை ஏன் ஓராண்டில் முடிகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். லண்டன் பொருளாதாரப் பள்ளியிலோ ஆக்ஸ்போர்டிலோ விண்ணப்பிக்கிறவர் அக்டோபர் தொடங்கி சில மாதங்களை விண்ணப்பத்துக்கே செலவிடுகிறார். தான் எதைப் படிக்க வருகிறேன் என்று நோக்கக் கட்டுரை எழுதுகிறார். தன் எழுத்தை நேரில் அறிந்த ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார். சில படிப்புகளுக்குத் தான் எழுதிய கட்டுரையையும் சேர்த்து அனுப்புகிறார். இந்த வேலைகளைச் செய்யும்போதே அவருடைய கேள்வி உருத்திரண்டுவிடுகிறது. வகுப்பில் போய் உட்காரும்போது அவர் கையில் ஒரு கேள்வி இருக்கிறது, அதைத் திருத்தவும் கூர்மைப்படுத்தவும் ஓராண்டு போதும். இந்திய ஓராண்டு எல்எல்.எம். மாணவரோ ஜூலை, ஆகஸ்டில் சேர்கிறார். முதல் பருவத்திலேயே கட்டாயத் தாள்களோடு விருப்பத் தாள்களையும் சுமக்கிறார். இரண்டாம் பருவம் தொடங்கும் முன்னரே ஆய்வேட்டுத் தலைப்பைக் கொடுக்க வேண்டும். தலைப்பைத் தேடவே காலம் போய்விடுகிறது. கடைசியில் ஏற்கெனவே நூறு பேர் எழுதிய தலைப்பில், நூறு பேர் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளை வைத்து ஆய்வேடு எழுதப்படுகிறது. பழைய இரண்டாண்டுப் படிப்பில், கேள்வி இல்லாமல் வந்தவருக்கும் அதைத் தேடிக்கொள்ள முதல் ஆண்டு இருந்தது. அந்த ஆண்டை எடுத்துவிட்டோம். அது செய்த வேலையை விண்ணப்பக் காலத்துக்கு மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை.

விண்ணப்பக் காலத்தில் இப்போது என்ன நடக்கிறது? தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுச் சட்ட நுழைவுத் தேர்வான கிளாட்டின் முதுநிலைத் தாளில் 120 கொள்குறி வினாக்கள், 120 நிமிடங்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். அரசமைப்புச் சட்டம், நீதியியல், ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், சொத்துரிமை, நிறுமச் சட்டம், பன்னாட்டுச் சட்டம், வரி, சுற்றுச்சூழல், தொழிலாளர் சட்டம் என்று பரந்த பாடப்பரப்பு. தீர்ப்புகளிலிருந்து பத்திகளை எடுத்துத் தந்து அதன் கீழ் வினாக்கள் தொடுக்கப்படுகின்றன. வெறும் பிரிவு எண்ணைக் கேட்ட பழைய தாளைவிட இது மேம்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் பத்தியைப் படிப்பதற்கும் பத்தியை எழுதுவதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. 2019இல் இத்தாளில் இரண்டு கட்டுரை வினாக்கள் இருந்தன. அவை நிலைக்கவில்லை, சில ஆண்டுகளுக்குள் தாள் முழுவதும் கொள்குறியாகிவிட்டது. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தன் தனித் தேர்வில் சில ஆண்டுகள் விரித்தெழுதும் பகுதியை வைத்திருந்தது என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். எழுதச் சொல்லிக் கேட்பது இந்தியாவில் நடக்காத காரியம் அல்ல; நடந்து, நிறுத்தப்பட்ட காரியம்.

இதன் விளைவைப் படிப்படியாகப் பார்க்கலாம். நெட் தேர்வின் மூன்றாம் தாள் ஒரு காலத்தில் விரிவான விடை எழுதும் தாளாக இருந்தது. 2012 ஜூனில் அதுவும் கொள்குறியாக மாறியது. ஆக, எல்எல்.எம். நுழைவும் கொள்குறி, ஆசிரியர் தகுதித் தேர்வும் கொள்குறி. இடையில் உள்ள ஆய்வேடு ஒன்றுதான் அவர் எழுதத் தெரிந்தவரா என்று காட்டும் இடம். அந்த ஆய்வேடு எப்படி அவசரத்தில் எழுதப்படுகிறது என்பதை மேலே பார்த்தோம். நீண்ட வாதமொன்றைத் தானே கட்டியெழுப்பி, எதிர்வாதத்துக்கு விடை சொல்லி, கையில் உள்ள சான்று எதுவரை தாங்கும் என்று அளந்து எழுதும் பயிற்சி இல்லாமலேயே ஒருவர் சட்டப் பேராசிரியராகிவிட முடியும். நினைவாற்றலின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு 2024 ஜூலை 1 சாட்சி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 அன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 ஆனது, 420 என்பது 318 ஆனது. எண்களை மனப்பாடம் செய்தவர்கள் மீண்டும் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. புதிய சட்டம் ஒன்றைத் தானே படித்து, பழையதிலிருந்து எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று எழுதத் தெரிந்தவருக்கு அந்த நாளில் வேலை கூடியதே தவிர, கற்றது வீணாகவில்லை.

முதுநிலை கிளாட் தாளை எழுதுகிறவர்கள் எல்லாரும் முதுநிலை படிக்க வருகிறவர்கள் அல்லர் என்பது இன்னொரு சிக்கல். ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில், பவர் கிரிட், என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் சட்ட அதிகாரிகளை எடுக்க இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தியிருக்கின்றன. நல்ல சம்பளமும் பாதுகாப்பும் உள்ள வேலைக்காக ஒருவர் தேர்வு எழுதுவதில் தவறு எதுவும் இல்லை. தேர்வை நடத்துகிறவர்களுக்குத்தான் அது நெருக்கடி: ஒரே தாள் வேலைக்கு ஆள் எடுக்கவும் பயன்பட வேண்டும், ஆய்வு மாணவரைத் தேர்ந்தெடுக்கவும் பயன்பட வேண்டும் என்றால் அது இரண்டுக்கும் பொதுவான மேலோட்டமான அறிவைத்தான் அளக்கும். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சட்டப் பணியாளர்களை இம்மதிப்பெண் வழியே எடுக்க முயன்றபோது, தில்லி உயர் நீதிமன்றம் 2025இல் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. மேற்படிப்புக்கான தேர்வுக்கும் வேலைத் திறனுக்கும் நியாயமான தொடர்பு இல்லை என்பது அதன் தர்க்கம். அதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டு, மேற்படிப்புக்குரிய திறனையாவது இத்தேர்வு அளக்கிறதா என்று யாரும் இதுவரை நீதிமன்றத்தில் கேட்கவில்லை. 2025 சேர்க்கைக்கான முதுநிலைத் தாளின் விடைக் குறிப்பே பல உயர் நீதிமன்றங்களில் வழக்காகி, உச்ச நீதிமன்ற ஆணையால் தில்லிக்கு மாற்றப்பட்டது. அதை விசாரித்த அமர்வு சில விடைகளைத் திருத்தச் சொன்னதோடு, ஒரு விடையை எதிர்த்துக் கேட்க 1,000 ரூபாய் கட்டணம் வாங்குவது அதிகம் என்றும் கருதியது. விடைக் குறிப்பையே எதிர்த்து வாதிட்டு வெல்லும் மாணவர்களிடம் நல்ல சட்ட மூளை இருக்கிறது. அந்த வாதத் திறனைக் காட்டத் தேர்வுத்தாளில் இடமில்லை என்பதுதான் வருத்தம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இயங்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கிளாட் வழியாகவே ஓராண்டு எல்எல்.எம். மாணவர்களை எடுக்கிறது. சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் துறைவாரியாக இரண்டாண்டுப் படிப்பை நடத்துகிறது; சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறைக்கு நீண்ட மரபு உண்டு. இங்குள்ள அரசு சட்டக் கல்லூரிகளிலிருந்து வரும் மாணவர்களில் கணிசமானோர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். தமிழிலேயே தேர்வு எழுதிச் சட்டப் பட்டம் பெற்றவர்களும் அவர்களில் உண்டு. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. இளநிலைத் தாளையாவது இந்திய மொழிகளில் நடத்த வேண்டும் என்று 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மனு போடப்பட்டது. முதுநிலைத் தாளைப் பற்றி அந்த அளவுக்குக்கூடப் பேச்சு எழவில்லை. தேர்வுக் கட்டணம் 4,000 ரூபாய். பட்டியல் பிரிவினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 3,500. தரவரிசையில் இடம் கிடைத்த பின், கலந்தாய்வில் பெயர் பதியவே அண்மை ஆண்டுகளில் பொதுப்பிரிவினர் 30,000 ரூபாயும் ஒதுக்கீட்டுப் பிரிவினர் 20,000 ரூபாயும் கட்ட வேண்டியிருந்தது. பிற்பாடு படிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள் என்றாலும், அந்தத் தொகையைக் குறித்த நாளுக்குள் புரட்ட முடியாதவருக்குத் தரவரிசையால் பயனில்லை.

ஆனால் அந்த மாணவர்கள் கொண்டுவரக்கூடிய கேள்விகளைப் பாருங்கள். 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம், மத்திய அரசு 2005இல் செய்ததற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை தந்தது. அதற்கு முன் மணமானவர்களை அது விலக்கியது. அந்த ஒற்றைத் தேதி எத்தனை குடும்பங்களில் அக்காளுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்று பிரித்தது, பாகப்பிரிவினைப் பத்திரங்களும் விடுதலைப் பத்திரங்களும் அதன் பிறகு எப்படி எழுதப்பட்டன என்பது கீழமை நீதிமன்ற ஆவணங்களையும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளையும் தமிழில் படிக்கத் தெரிந்தவரே செய்யக்கூடிய ஆய்வு. 1967இல் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்ற இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு நீதிமன்றங்களில் எப்படி வாழ்கிறது, 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த நல வாரியங்களில் உதவித்தொகை மறுக்கப்படும்போது முறையீடு எந்த வழியில் போகிறது, கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் மீனவக் குப்பங்களின் பொது நிலத்தை எப்படி வரையறுக்கின்றன: இவையெல்லாம் முதுநிலைக்கு ஏற்ற கேள்விகள். இவற்றுக்கான முதற்கட்ட அறிவு கிராமத்திலிருந்தும் சங்கத்திலிருந்தும் மாவட்ட நீதிமன்றத்திலிருந்தும் வரும் மாணவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. 120 வினாக்களில் ஒன்றுகூட அதைத் தொடுவதில்லை. விண்ணப்பத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது வசதி குறைந்தவர்களுக்கு நடுநிலையானது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய வலுவான பக்கத்தை மறைத்து, ஆங்கில வேக வாசிப்பு என்னும் அவர்களுடைய பலவீனமான பக்கத்தை மட்டும் அது அளக்கிறது.

இதற்கு எழும் மறுப்புகள் அற்பமானவை அல்ல. முதலாவதும் கடுமையானதும் பாரபட்சம் பற்றியது. கேள்வி கேட்கவும் எழுதவும் பேசவும் விட்டால், மதிப்பிடுகிறவரின் சாதியும் வர்க்கமும் பழக்கவழக்கமும் மதிப்பெண்ணில் இறங்கிவிடும் என்ற அச்சத்துக்கு நம் வரலாற்றில் போதிய சான்று உண்டு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு 50 மதிப்பெண்ணும் வைக்கப்பட்டதை 1981இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்குத் தருவது தன்னிச்சையானது, 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. அதற்கு முன்பே தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்த பெரியகருப்பன் வழக்கில் நேர்காணல் முறை கேள்விக்குள்ளாகியிருந்தது. தமிழ்நாடு தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வையே 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியதன் பின்னால் இருந்ததும் இதே சமூக நீதிக் கவலைதான். அந்தக் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் நான் வேண்டுவது நேர்காணல் அல்ல. பெயரும் கல்லூரியும் மறைக்கப்பட்ட விடைத்தாளை இருவர் தனித்தனியே திருத்தி, இருவரின் மதிப்பெண்ணும் வெகுவாக விலகினால் மூன்றாமவர் பார்க்கும் எழுத்துத் தேர்வு. அஜய் ஹாசியா தீர்ப்பு நிராகரித்தது முகம் பார்த்து இடும் மதிப்பெண்ணின் மிகையைத்தான். எழுதச் சொல்வதை அது குறை கூறவில்லை.

நோக்கக் கட்டுரையும் பரிந்துரைக் கடிதமும் கேட்கும் வெளிநாட்டு முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் வசதி உள்ளவர்களுக்கே அது சாதகமாகும் என்பதும் உண்மை. நோக்கக் கட்டுரையை எழுதித்தரும் ஆலோசனை நிறுவனங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதை எழுதித் தருகின்றன. இருநூறு பேர் படிக்கும் வகுப்பில் ஆசிரியருக்கு மாணவரின் பெயரே தெரியாதபோது பரிந்துரைக் கடிதத்துக்கு என்ன பொருள்? எனவே எழுத்தை வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லக் கூடாது, தேர்வறையில் எழுதச் சொல்ல வேண்டும். முன்பின் பார்த்திராத ஒரு தீர்ப்பின் சுருக்கத்தையோ புதிய சட்டப் பிரிவையோ கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் அதன் தர்க்கத்தை விளக்கி ஆதரித்தோ மறுத்தோ எழுதச் சொல்லலாம். பிரிவு எண் நினைவில் இல்லாதவரும் அதை எழுத முடியும். சிந்திக்கத் தெரியாதவர் எழுத முடியாது. தமிழில் எழுதவும் அனுமதி வேண்டும். உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பை வெளியிடும்போது, சட்டச் சிந்தனையைத் தமிழில் அளக்க முடியாது என்ற வாதத்துக்கு இடமில்லை. ஆய்வுக் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி வாங்குவது தனி. அதற்கு மதிப்பெண் வேண்டாம். தேர்வானவரை எந்தத் துறையில், எந்த வழிகாட்டியிடம் சேர்ப்பது என்று முடிவு செய்யவும், மாணவர் சேரும் முன்னரே சிந்திக்கத் தொடங்கவும் அது பயன்பட்டால் போதும்.

கேள்வியைக் கேட்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. எந்தக் கேள்வியை ஏற்கிறோம் என்பதிலும் அநீதி நுழையலாம். பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் வெளிநாட்டில் படிக்க மத்தியச் சமூக நீதி அமைச்சகம் தரும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையின் நெறிமுறைகள் 2022இல் மாற்றப்பட்டு, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகவியல் சார்ந்த தலைப்புகள் விலக்கப்பட்டன. சாதியும் சட்டமும் பற்றி ஆராய லண்டனுக்குப் போக நினைத்த தலித் மாணவருக்கு அந்தக் கதவு மூடியது. அந்த அனுபவம்தான், ஆய்வுக் கேள்விக்கு மதிப்பெண் இட வேண்டாம் என்று நான் சொல்வதற்கான இன்னொரு காரணம். கேள்வியின் உள்ளடக்கத்தைச் சல்லடையாக்கினால் அது தணிக்கையாகும்.

எண்ணிக்கை பெரிது, இத்தனை விடைத்தாளை யார் திருத்துவது என்பார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உரிமையியல் நீதிபதி பதவிக்கு நடத்தும் முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றும் சட்டத் தாள்கள் மூன்றும் இருக்கின்றன; எல்லாம் விரித்தெழுதும் தாள்கள். முதல்நிலைத் தேர்வில் வடிகட்டி, தேறியவர்களின் விடைத்தாள்களை மட்டும் திருத்துகிறார்கள். குடிமைப் பணித் தேர்வும் அதே ஏற்பாட்டில்தான் நடக்கிறது. இருக்கும் இடங்களைப் போல ஐந்து மடங்குப் பேரைக் கொள்குறித் தாளால் தெரிவு செய்து, அவர்களுடைய எழுத்தை மட்டும் திருத்தினால் வேலை கைக்கு அடங்கும். ஒவ்வொரு மாணவரிடமும் இவ்வளவு கட்டணம் பெறும் அமைப்புக்கு அந்தச் செலவு தாங்க முடியாததும் அல்ல.

இருபத்திரண்டு வயதில் ஐந்தாண்டுப் படிப்பை முடித்தவருக்கு ஆய்வுக் கேள்வி எங்கிருந்து வரும், எல்எல்.எம். படிக்க வருகிறவர்களில் பலர் ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ போவதும் இல்லையே என்பது கனிவான மறுப்பு. நீதிபதி தேர்வுக்குத் தயாராகும் இடைவெளியில் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறுமச் சட்டம், வரிச் சட்டத்தில் தொழில் தேர்ச்சி வேண்டி வருகிற வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும். வரி வழக்குகளில் ஐந்தாண்டு நின்ற வழக்கறிஞரிடம், உங்கள் தொழிலில் திரும்பத் திரும்ப இடறும் புள்ளி எது என்று கேட்டால் இளம் மாணவரைவிடத் தெளிவான கேள்வியை அவர் எழுதுவார். இருபத்திரண்டு வயதுக்காரர் எழுதும் கேள்வி முதிராததாக இருக்கலாம், ஆறு மாதத்தில் மாறிப்போகலாம். மாறுவதற்காவது ஒன்று கையில் இருக்க வேண்டும். இப்போதைய முறை அவரிடம் பல்கலைக்கழகங்களின் தர வரிசையைத்தான் யோசிக்கச் சொல்கிறது. அதனால் அறிவுசார் சொத்துரிமையில் நாட்டமுள்ளவர் அந்தத் துறையில் நல்ல ஆசிரியர் இல்லாத இடத்தில், தரவரிசை அனுமதித்தது என்பதற்காக மட்டும் போய்ச் சேர்கிறார்.

இந்த மாற்றத்தை யார் தொடங்க முடியும்? தனித்தனித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தால் இயலாது. 2020இல் பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளி தனித் தேர்வு நடத்த முயன்றபோது, கூட்டமைப்பின் உறுப்பினர் என்ற முறையில் அது பொதுத் தேர்வுக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாணவர்களின் நலனைப் பார்த்தால் அத்தீர்ப்பு சரியே. பல தேர்வுகள், பல கட்டணங்கள் என்ற பழைய அலைச்சலுக்குத் திரும்ப யாரும் விரும்பமாட்டார்கள். கூட்டமைப்பு தானே முடிவெடுத்து, முன்பு இருந்த கட்டுரைப் பகுதியை முறையான இரட்டைத் திருத்தலுடன் மீட்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் கூட்டமைப்பில் உறுப்பினர் அல்ல. மாநிலச் சட்டத்தால் அமைந்த அதன் கல்விக் குழுவும் ஆட்சிக் குழுவும் சேர்க்கை நெறிமுறையை வகுத்துக்கொள்ள முடியும். வழக்கறிஞர் கழகத்தின் வழக்கு எப்படி முடிந்தாலும் இரண்டாண்டுப் படிப்பு நடத்தும் அப்பல்கலைக்கழகத்துக்குக் கால அளவில் அதனால் இடையூறு இல்லை. எல்எல்.எம். விண்ணப்பத்தில் ஒரு பக்கம் கூடுதலாக இணைத்து, அதில் ஆய்வுக் கேள்வியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்வதை அடுத்த சேர்க்கையிலேயே தொடங்கலாம். அந்தப் பக்கங்களைத் துறைவாரியாகப் பிரித்து ஆசிரியர்களிடம் சேர்ப்பிக்க ஒரு வாரம் ஆகும். தேர்வறையில் எழுதும் தாளை வடிவமைக்கவும் அதைத் திருத்துகிறவர்களுக்குப் பயிற்சி தரவும் ஓராண்டு ஆகும்.